கார்டில் இருக்கும் எண்

செப்டம்பர் 23, திங்கள்

இன்று எனக்கென்று தனியாக ஒரு வேலை வந்தது. இத்தனை நாள் அடுத்தவர்கள் எழுதிய புரோகிராம்களைத் திருத்திக்கொண்டுதான் இருந்தேன்.

கோவையில் பல கிளைகள் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு எங்கள் கம்பெனிதான் இணையச் செயலி செய்து கொடுத்திருக்கிறது. இதுவரை ரிப்போர்ட் வேண்டுமென்றால் கவுண்டருக்குப் போய்க் காகிதமாக வாங்க வேண்டும். இனிமேல் ரத்தம் எடுத்தாலும், ரிப்போர்ட் தயாரானாலும், விவரம் ஏதாவது மாறினாலும் நோயாளியின் லேப் கார்டில் பதிந்திருக்கும் போன் எண்ணுக்கு உடனே மெசேஜ் போக வேண்டும். அந்தப் பகுதி முழுவதும் என் பொறுப்பு.

பிரகாஷ் அண்ணாதான் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். எங்கள் குழுவின் தலைவர். சிவப்பிரகாசம் என்பது முழுப்பெயர். என் முழுப்பெயர் ஆவுடைச்செல்வி. எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் முன்பாதியைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், இங்கே பின்பாதி.

"மீட்டிங்ல பேச வரலைன்னா பரவால்ல செல்வி. பேப்பர்ல எழுதிக் குடு, நா பேசிக்கறேன்" என்றார். கல்லூரியில் எல்லோரும் 'வாயைத் திற' என்றுதான் சொன்னார்கள். பரவாயில்லை என்று சொன்ன முதல் ஆள் இவர்.

டீ குடிக்கும்போது அவருடைய போன் ஒலித்தது. எங்களிடம் நீட்டிக் காட்டினார். 'சுகந்தி காந்திபுரத்திலிருந்து கிளம்பிவிட்டார்' என்று திரையில் இருந்தது. சுகந்தி அவர் மனைவி.

"எங்க ஊட்ல இந்த நோட்டிபிகேஷன் கல்யாணமான மறுநாளே போட்டாச்சு. ஒரு எரர் கெடையாது, சூப்பரா ஓடுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செப்டம்பர் 25, புதன்

ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை. தலைக்குக் குளிக்காமல் போனேன்.

சோதனைக்கு ஆபீஸில் ஒரு பழைய போன் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடி கீறல் விழுந்தது. வேலை முடியும்வரை எந்த மெசேஜும் வெளியே போகாது, எல்லாம் இந்தப் போனுக்கே வரும். 'உண்மையில் போயிருக்க வேண்டிய எண்' என்று ஒவ்வொன்றின் அடியிலும் காட்டும்படி எழுதியிருக்கிறேன்.

போலிப் பெயர்களை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். நேரமில்லை என்று லேபின் நிஜப் பதிவுகளையே தினமும் காலையில் இறக்கிக்கொள்கிறோம். பக்கத்து நாற்காலி ரிஸ்வானா போனை எட்டிப் பார்த்துவிட்டு, "ஊர்ல எவனுக்கு எவ்வளவு சுகருன்னு இனிமே உனக்குத்தாண்டி தெரியும். கல்யாண புரோக்கராப் போயிரு" என்றாள்.

எதையும் படிக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன். எண்ணை மட்டும் சரிபார்க்கிறேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

லேப் மேனேஜர் கோவர்த்தனன் சார் வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் பஞ்சாங்கம் போட்ட டைரி. மெசேஜில் நோயாளியின் பெயரும் டெஸ்ட்டின் பெயரும் கட்டாயம் வர வேண்டும் என்று பிரகாஷ் அண்ணாவிடம் சொன்னார்.

"ஏனுங்க தம்பி, ஒரே நம்பர்ல மாமியா, மருமவ, பேரன் அத்தன பேரும் இருப்பாங்க. வெறும் 'ரிப்போர்ட் ரெடி'ன்னு அனுப்புனா யாருதுன்னு கேட்டு கவுண்டர்ல வந்து சண்டையக் கட்டுவாங்க. பேரு வரோணும், டெஸ்ட்டும் வரோணும்."

அவர் சொல்வது உண்மைதான். எங்கள் வீட்டில் அம்மா, நான், தம்பி எல்லோருடைய எந்தப் பதிவிலும் அப்பாவின் எண்தான் இருக்கும். தறிக்குப் போகும்போது அந்தப் போனை அவர்தான் கொண்டுபோவார். அதனால்தான் பெயரும் டெஸ்ட்டும் வரக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அம்மாவுக்கு என்ன டெஸ்ட் என்பது தறிக்கூடத்தில் அப்பாவின் சட்டைப்பையில் போய் ஒலிக்கும்.

வாய் வரவில்லை. காகிதத்தில் எழுதி பிரகாஷ் அண்ணாவிடம் கொடுத்தேன். படித்தார், மடித்தார், பையில் வைத்துக்கொண்டார்.

"நல்ல பாயின்ட். அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம்."

விஜயதசமியன்று காலையில் தொடங்குவது என்று முடிவாயிற்று. கோவர்த்தனன் சார் டைரியைத் திறந்து பார்த்துச் சொன்ன நாள், இனி மாறாது.

செப்டம்பர் 30, திங்கள்

பிரகாஷ் அண்ணா மறந்துவிட்டு வந்த மாத்திரையைக் கொடுக்க சுகந்தி அக்கா ஆபீஸுக்கு வந்தார். முதல் தடவை பார்க்கிறேன். உயரம். எம்.எஸ்சி. வேதியியல் என்று ரிஸ்வானா சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தாராம்.

வந்ததும் மாத்திரையைக் கொடுத்தார். அடுத்து, யாரும் கேட்காமலே, தன் போனை எடுத்து அவரிடம் கொடுத்தார். அண்ணா அதை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே எங்களோடு பேசினார். அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏதோ செக்போஸ்டில் நிற்பதுபோல இருந்தது. ரொம்ப அன்னியோன்யம் போலிருக்கிறது.

"அவளுக்கு வேலைக்குப் போறதுலயெல்லாம் இஷ்டமே இல்ல" என்று அண்ணா யாருக்கோ பதில் சொன்னார்.

போகும்போது அக்கா என் மேஜையருகே நின்றார்.

"எந்த ஊருங்க நீங்க?"

"சங்கரன்கோவில்."

"தனியாவா வந்தீங்க? ஹாஸ்டல் எல்லாம் நீங்களே பாத்துக்கிட்டீங்களா?"

"ஆமாக்கா."

"மொத மாசம் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?"

சும்மா பேச்சுக்குக் கேட்டிருப்பார்.

அக்டோபர் 3, வியாழன்

கார்டில் எண் மாறினால் பழைய எண்ணுக்கும் ஒரு மெசேஜ் போகும்படி நானாகவே சேர்த்தேன். வேறு யாராவது திருட்டுத்தனமாக மாற்றினால் தெரிந்துவிடும் அல்லவா. பிரகாஷ் அண்ணா எல்லோர் முன்னாலும் பாராட்டினார். காது சூடாகிவிட்டது.

அக்டோபர் 8, செவ்வாய்

இன்று காலைப் பதிவுகள் இறங்கியதும் சோதனைப் போன் வரிசையாக அதிர்ந்தது. எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு எண் எனக்குத் தெரிந்த எண். லீவு சொல்ல நான் கூப்பிடும் எண்.

பிறகுதான் மேலே இருந்ததைப் படித்தேன்.

'திருமதி சுகந்தி சிவப்பிரகாசம். வேலையில் சேரும் முன் செய்யும் மருத்துவத் தகுதிப் பரிசோதனை. மாதிரி பெறப்பட்டது. ரிப்போர்ட்: சனிக்கிழமை.'

"என்னடி, பேயறஞ்ச மாரி?" என்றாள் ரிஸ்வானா. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

கார்டைத் தேடிப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். முன்பு எப்போதோ காய்ச்சலுக்கு அண்ணா கூட்டிப்போனபோது போட்ட கார்டு. எண் அவருடையது. கவுண்டரில் பெயரைச் சொன்னதும் பழைய கார்டையே எடுத்திருப்பார்கள். இதுவரை லேபிலிருந்து யாருக்கும் மெசேஜ் போனதில்லை. காகிதமாக வாங்கிக் கைப்பைக்குள் வைத்துவிடலாம் என்று அக்கா கணக்குப் போட்டிருக்கிறார்.

சனிக்கிழமைதான் விஜயதசமி.

அக்டோபர் 9, புதன்

அக்கா அவரிடம் சொல்லியிருக்கலாம். வேலை கிடைத்ததை அவர்தான் எங்களிடம் சொல்லாமல் இருக்கலாம். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், நான் யார்? காலையிலிருந்து இப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அண்ணா வீட்டுக்குப் போன் செய்தார். அவர் மேஜைக்கும் என் மேஜைக்கும் நடுவில் ஒரு தடுப்புதான்.

"எங்க இருக்க? ... ஊட்லயா? சத்தமே காணோம். ... இல்ல கண்ணு, சந்தேகமெல்லாம் இல்ல. மிக்ஸிய ஒருக்கா போடு."

கொஞ்ச நேரம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ம். சரி, சாப்பிடு."

குரல் உயரவே இல்லை. மீட்டிங்கில் பேச வராவிட்டால் பரவாயில்லை என்று என்னிடம் சொன்ன அதே குரல்.

சாயங்காலம் கீழே பேக்கரியிலிருந்து எல்லோருக்கும் பப்ஸ் வாங்கி வந்தார். எனக்கு முட்டை ஆகாது என்று ஞாபகம் வைத்து வெஜ் வாங்கியிருந்தார். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

'இந்த எண்ணுக்கு மட்டும் அனுப்பாதே.' ஒரு வரிதான். எழுதினேன், அழித்தேன். நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் அவர்தான் பார்த்து ஒப்புதல் கொடுப்பார். தன் எண்ணை அங்கே பார்த்தால்?

அதோடு, இந்த ஒரு எண்ணை நிறுத்திவிட்டு மற்றவற்றை விடுவது எப்படி என்றும் புரியவில்லை. பதிவுகளில் பெண்களின் கார்டுகளைப் பார்த்தேன். 'கணவர் எண்', 'மகன் எண்', 'வீட்டு ஓனர் எண்' என்றுகூட ஒன்று.

ரிஸ்வானாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "என் கார்டுல எங்க அப்பா நம்பர்தான் இருக்கு. எனக்கு என்ன டெஸ்ட்டுன்னு அவருக்குப் போகலாமா?"

"போனா என்ன? நீ என்ன திருட்டுத்தனமா சுகர் டெஸ்ட்டா எடுக்கற?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள்.

"எங்க அக்கா ஒருக்கா ஒரு டெஸ்ட் எடுத்தா. அது எங்க மச்சானுக்கு மெசேஜாப் போயிருந்தா அவ இன்னிக்கு இருந்திருக்க மாட்டா" என்றாள்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. லேப்டாப்புகளைத் துடைத்துச் சரஸ்வதி படத்துக்கு முன் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தோம். சோதனைப் போனுக்கும் அண்ணாவே பொட்டு வைத்தார். "நாளைக்குக் காலைல வரைக்கும் யாரும் கைய வெக்கக் கூடாது, பாத்துக்கங்க" என்றார். அப்படியானால் இனி எதையும் மாற்ற முடியாது. நேற்றே மாற்றியிருக்க வேண்டும்.

குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். சுகந்தி அக்கா பச்சைப் புடவையில் வந்து பொரியும் சுண்டலும் போட்டுக் கொடுத்தார். அவருடைய போனில்தான் அண்ணா எல்லோரையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார். போனில் சொல்ல வழியில்லை. வந்ததிலிருந்து அக்காவைத் தனியாகப் பிடிக்கப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போயிற்று.

பாத்திரம் கழுவ அவர் பின்பக்கக் குழாய்க்குப் போனார். நானும் இரண்டு தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

என்ன படித்தேன் என்று சொல்லக் கூடாது, நாளை ஊருக்கே தெரியப்போவதை மட்டும் சொல்லலாம் என்று மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"அக்கா, நாங்க இப்ப செஞ்சிருக்கது என்னன்னா, நாளையிலருந்து லேப்ல ரிப்போர்ட் ரெடியானா கார்டுல இருக்க நம்பருக்கு மெசேஜ் போயிரும். பேரு, என்ன டெஸ்ட்டு, எல்லாம் சேத்து."

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. குண்டானின் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பப் போகும்?"

"டாக்டர் கையெழுத்துப் போட்ட உடனே."

"நம்பர மாத்த முடியாதா?"

"மாத்தலாம். மாத்துனா பழைய நம்பருக்கும் ஒரு மெசேஜ் போகும்." கையிலிருந்த தட்டுகளைக் கீழே வைத்தேன். "அதை நான்தான்க்கா சேத்தேன்."

குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்துக்குள் பேசினார்.

"அந்த ரிப்போர்ட் கைல இல்லாம சேத்துக்க மாட்டாங்க. திங்கக்கெழம சேரோணும். ஒரு வருசமா வீட்ல சமையல் வீடியோ பாக்கறேன்னு சொல்லிட்டு இன்டர்வியூக்குப் படிச்சேன்." வேலை கிடைத்திருக்கும் ஊரின் பெயரையும் சொன்னார். "முன்னாடி ஒருக்கா அவருக்குத் தெரிஞ்சு போச்சு. என் சர்டிபிகேட்டெல்லாம் இன்னும் அவரு பீரோலதான் இருக்கு. டூப்ளிகேட் வாங்கவே எட்டு மாசம் ஆச்சு. இந்தத் தடவ தெரிஞ்சுதுன்னா வாசக்கதவே தொறக்காது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பின்னால் செருப்புச் சத்தம்.

"என்ன, ரெண்டு பேரும் ரகசியம்?"

"சுண்டல்ல உப்புக் கம்மியாம். உங்க செல்வி சொல்றா" என்றார் அக்கா, திரும்பாமலே.

"அட, செல்விகூடப் பேசுதே!" என்று அண்ணா சிரித்தார்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. ராகு காலம் முடியட்டும் என்று காத்திருந்தோம். கோவர்த்தனன் சார் தேங்காய் உடைத்தார். பெரிய திரையில் ஒரே ஒரு பச்சைப் பொத்தான். அதை அழுத்தினால் மெசேஜ்கள் சோதனைப் போனை விட்டுவிட்டு அவரவர் எண்ணுக்குப் போகத் தொடங்கும்.

"இதுல பாதி செல்வியோட வேலைங்க சார். புதுசா எழுதத் தொடங்கற நாளு, சின்னப் புள்ள கையால ஆரம்பிக்கட்டும்" என்று அண்ணா மவுஸை என் பக்கம் நகர்த்தினார்.

எல்லோரும் கைதட்டினார்கள். மவுஸில் சந்தனம் காய்ந்திருந்தது. நான் கையை வைக்கவில்லை.

"வேண்டாம்ணா."

"வெக்கப்படாத, அமுத்து."

"வெக்கமில்லண்ணா. நான் இதைத் தொடங்க மாட்டேன்."

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள். மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணாவைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும் என்று கோவர்த்தனன் சாரின் திருநீற்றைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"சார், என் கார்டுல எங்கப்பா நம்பர் இருக்கு. எங்கம்மா கார்டுலயும் அதுதான். எங்ககிட்ட யாரும் கேட்டு எழுதல, அந்த நம்பரத்தான் எழுதுவாங்க. எங்களுக்கு என்ன டெஸ்ட்டுன்னு வேற ஒருத்தருக்குப் போகலாமான்னு எங்ககிட்டதான சார் கேக்கணும்?"

"செல்வி, இத அடுத்த வெர்ஷன்லன்னு பேசியாச்சு" என்றார் அண்ணா. மெதுவாகத்தான் சொன்னார். "நல்ல நேரம் போயிட்டிருக்கு."

அந்த வார்த்தைதான் எனக்கு வழி காட்டியது.

"நேரம் தப்ப வேண்டாம் சார். தொடங்கிரலாம். இன்னிக்கு நல்ல நாளு, இன்னியிலருந்து புதுசாக் கார்டு போடுறவங்களுக்கு மட்டும் தொடங்குவோம். கவுண்டர்ல அவங்களையே கேட்டுட்டு. பழைய கார்டுக்கு, அவங்க வந்து சரின்னு சொன்ன பெறகு. ஒரு வரி மாத்துனாப் போதும். இப்பவே செஞ்சிருவேன்."

கோவர்த்தனன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"பழைய கார்டு அத்தன பேருக்கும் ஒரே நாள்ல போனா, திங்கக்கெழம கவுண்டர்ல எம் மண்டதான் உருளும். அந்தப் புள்ள சொல்றதும் சரியாத்தான் இருக்குதுங்க தம்பி. மாத்தச் சொல்லுங்க, நேரத்துக்குள்ள."

எல்லோரும் பார்க்க உட்கார்ந்து அந்த வரியை எழுதினேன். அண்ணா என் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஒப்புதல் கொடுத்தார். பிறகு நானேதான் பொத்தானை அழுத்தினேன். எந்தப் போனும் ஒலிக்கவில்லை.

மத்தியானம் கோவர்த்தனன் சார் எங்களை ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். இலை போட்டதும் அண்ணா தன் போனைப் பார்த்தார். "ஊட்லதான் இருக்கா" என்று பக்கத்தில் வைத்தார்.

போன் வீட்டில்தான் இருக்கும்; அக்கா ரிப்போர்ட் வாங்க லேபில் நின்றுகொண்டிருப்பார். நான் இரண்டாம் முறை சாம்பார் வாங்கினேன். பிறகு ரசம், பிறகு மோர். பாயசம் எனக்குப் பிடிக்காது, அதையும் இன்னொரு டம்ளர் கேட்டேன். நான் முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்க முடியாது. சாப்பாட்டில் இவ்வளவு மெதுவான ஆளா என்று ரிஸ்வானா கிண்டல் செய்தாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

துணி துவைத்தேன். அம்மா பேசினாள். சாப்பிட்டாயா என்றாள். நான் எதையும் சொல்லவில்லை. போன் அப்பாவுடையது.

அக்டோபர் 14, திங்கள்

அண்ணா சவரம் செய்யாமல் வந்தார். நேற்று மாலை அவர் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் சுகந்தி அக்கா வீட்டில் இல்லையாம். போன் கட்டில்மேல் இருந்ததாம். தன் அம்மாவிடம் வேறு யாருடைய போனிலிருந்தோ பேசி, நன்றாக இருக்கிறேன், தேட வேண்டாம் என்று மட்டும் சொன்னாராம். இதையெல்லாம் நின்றுகொண்டே சொன்னார்.

பிறகு தன் திரையை என் பக்கம் திருப்பினார். அனுப்பிய, அனுப்பாத மெசேஜ்கள் எல்லாவற்றையும் எங்கள் சர்வர் சேர்த்து வைக்கும். செவ்வாய்க்கிழமை வந்ததைத் திறந்து வைத்திருந்தார்.

"டெஸ்ட் போனு உங்கிட்டதான இருந்துச்சு?"

"ஆமாண்ணா."

"படிச்சியா?"

"படிச்சேன். படிச்சிருக்கக் கூடாது. உங்க நம்பர்னு தெரிஞ்சதும் படிச்சிட்டேன்."

"சனிக்கெழம அத்தன டிராமாவும் இதுக்குத்தானா?"

"இதுக்காகவும்தான். மத்தவங்களுக்காகவும்தான்."

ஆபீஸில் ஒருவரும் கீபோர்டைத் தொடவில்லை. அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நா உனக்கு என்ன கொற வெச்சேன் செல்வி?"

"ஒரு கொறையும் வைக்கலண்ணா." அது உண்மை. சொல்லும்போது கண் நிறைந்துவிட்டது.

"அப்பறம்? அன்னிக்குக் கொழாயடில உங்கிட்டப் பேசுனா. எந்த ஊருன்னு சொல்லியிருப்பா. நா ஒண்ணும் பண்ண மாட்டேன். போயிப் பேசிக் கூட்டிட்டு வந்தர்றேன். புருசன் பொண்டாட்டி விசயம் இது, உனக்கெதுக்கு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் அதற்குத்தான் தயாராக இருந்தது.

"எந்த ஊருன்னு எனக்குத் தெரியும்ணா. சொல்ல மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இவ்வளவு நேரம் ஒருவர் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. முதலில் கோபம், அப்புறம் புரியாமை, அப்புறம் ஒன்றுமே இல்லை. பயந்துகொண்டேதான் பார்த்தேன்.

"ரிஸ்வானா," என்றார், கண்ணை என்னிடமிருந்து எடுக்காமல். "இவளோட லாகின எடுத்துரு."

"நீங்களே எடுத்துக்கங்க" என்றாள் அவள்.

அவரே எடுத்தார். என் திரை கறுத்துப்போனது. எழுந்து கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முதலாளிக்குப் போன் செய்தார். நாளை எனக்கு இங்கே வேலை இருக்குமா என்று தெரியாது. அப்பாவிடம் என்ன சொல்வது என்றும் தெரியாது.

ரிஸ்வானா தன் நாற்காலியை உருட்டி வந்து என் பக்கத்தில் இடித்து நிறுத்தினாள். தன் லேப்டாப்பை இருவருக்கும் நடுவில் வைத்தாள். லேப் கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வியை இன்னும் யாரும் எழுதியிருக்கவில்லை. திரையில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

"உன் லாகின்தான போச்சு, என்னோடது இருக்குதுல்ல? கார்டு போட வர்றவங்ககிட்ட என்னன்னு கேக்கோணும், சொல்லு" என்றாள்.

சொன்னேன். அவள் தட்டினாள்.